பழைய கார்ச் சங்கங்களும் நாங்களும்

இங்கிலாந்தில் எதற்கும் ஒரு சங்கம் உண்டு. பறவை பார்ப்பவர்களுக்கு ஒன்று, நீராவி ரயிலுக்கு ஒன்று, ரோசாச் செடிக்கு ஒன்று. எங்களிடம் இருப்பவை ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் கோவில் பரிபாலன சபையும். இந்த இரண்டு வகைச் சங்கங்களுக்கும் இப்போது ஒரே வருத்தம் பிடித்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் பழைய கார்களைப் பற்றி எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று பேர் தென் இங்கிலாந்தின் சிறுநகரம் ஒன்றில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறோம். எங்களில் இரண்டு பேர் முப்பதுகளில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள். மூன்றாமவர் அறுபதை நெருங்குகிற அண்ணை. ஊரில் கராச்சில் வேலை செய்தவர். சித்திரை தொடங்கி ஐப்பசி வரை, மாதத்தின் முதல் ஞாயிறு, உணவகத்தின் பின்வளவில் பழைய கார்ச் சங்கம் ஒன்று கூடும். குசினிக் கதவைத் திறந்தால் குப்பைத் தொட்டிகள், அதற்கு அப்பால் பளபளக்கிற கார்கள். மொறிஸ் மைனர்கள், ஒஸ்ரின்கள், ஒரு றைலி. நாங்கள் வந்த காலத்தில் இருபது தட்டுக்கு மேல் ரோஸ்ற் போகும். போன வருடம் ஒன்பதுக்கு மேல் போனதில்லை. கார்கள் குறையவில்லை. அவற்றை ஓட்டி வருகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குக் கண். சிலருக்கு மலர்வளையமும் போய்விட்டது.

இந்தச் சங்கங்கள் நேற்று முளைத்தவை அல்ல. 1896 கார்த்திகையில் மோட்டார் வண்டிகளின் வேகக் கட்டுப்பாடு மணிக்கு 14 மைலாகத் தளர்த்தப்பட்டபோது, அந்தச் சந்தோசத்தில் லண்டனிலிருந்து பிறைற்றனுக்கு வண்டிகள் ஊர்வலம் போயின. அதுவரை மோட்டார் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போகவேண்டும் என்று சட்டம் இருந்தது. 1927 இல் அந்த ஓட்டத்தைத் திரும்ப நடத்தினார்கள். 1930 இல் அதையொட்டி முதலாவது பழைய கார்ச் சங்கம் பிறந்தது. 1905க்கு முன் செய்த வண்டிகள் இன்றும் ஒவ்வொரு கார்த்திகையிலும் அந்தப் பாதையில் இருமிக்கொண்டு போகின்றன. பிறகு ஒவ்வொரு காருக்கும் ஒரு சங்கம் வந்தது. மொறிஸ் மைனர்காரர் 1976 இல் சேர்ந்தார்கள். இந்தச் சங்கங்களை இணைக்கும் பிரித்தானியக் கூட்டமைப்பு 1988 இல் உருவானது.

மொறிஸ் மைனரைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். ஆங்கிலேயருக்கு அதைப்போல ஆங்கிலத்தனமான கார் வேறில்லை. மருத்துவத் தாதி, பாதிரியார், பள்ளிக்கூட ரீச்சர் எல்லாரும் ஓட்டிய கார். ஆனால் அதை வரைந்தவர் ஓர் அகதி. அலெக் இசிகோனிஸ் 1906 இல் ஸ்மேர்னாவில் பிறந்தார்; இன்றைய துருக்கியின் இஸ்மீர். 1922 இல் துருக்கியப் படைகள் நகரை நெருங்கியபோது அவர்களுடைய குடும்பம் பிரித்தானியக் கப்பலில் மோல்ற்றாவுக்கு ஏற்றப்பட்டது. தகப்பனிடம் பிரித்தானியப் பிரசாவுரிமை இருந்தது. அதனால் கப்பலில் இடம் கிடைத்தது. தகப்பன் மோல்ற்றாவிலேயே இறந்துபோனார். தாயும் மகனும் அடுத்த வருடம் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். பட்டர்சீயில் படிக்கப் போன பையன் கணிதத்தில் மூன்று முறை தவறினான். படிப்பைப் பாதியில் விட்டவர்களாகிய எங்களுக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி ஆறுதல் உண்டு.

அவர் வரைந்த கார் 1948 இல் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. அதற்கு முன்னர் ஒருநாள், கார் ஒடுங்கிப்போய்விட்டது என்று மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, துண்டுகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நாலு அங்குலம் கூட்டினாராம். பொனற்றின் நடுவில் ஓடுகிற பட்டை அந்த நாலு அங்குலத்தின் அடையாளம். பம்பர்களை ஏற்கெனவே செய்துவிட்டபடியால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுத் துண்டு வைத்தார்கள். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு அந்தக் காரைப் பார்த்து, கொதிநீரில் உடைத்து ஊற்றிய முட்டை என்று இளக்காரம் செய்தார். காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் தினமும் போடுகிற அதே முட்டைதான். அந்த முட்டை 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் விற்றது.

கார் நிறுத்தப்பட்ட பின்னர் அதை உயிரோடு வைத்திருந்தவை சங்கங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை பொனற்றைத் திறந்துவைத்துக் கதைப்பது வெளியில் தெரிகிற பகுதி. உள்ளே வேறு வேலை நடக்கிறது. கம்பனி கைவிட்ட பாகங்களைச் சங்கங்கள் திரும்பச் செய்விக்கின்றன. எந்த இலக்கக் கார் எந்த வருடம் செய்யப்பட்டது என்ற பதிவேடுகளைக் காக்கின்றன. பத்திரம் தொலைந்த காருக்கு வயதை உறுதிப்படுத்திக் கடிதம் கொடுக்கின்றன. அதை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. குறைந்த மைல் ஓடும் காருக்கு மலிவான காப்புறுதி பேசிக் கொடுக்கின்றன. 2000 இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றபோது வால்வுகளுக்கு என்ன செய்வதென்று சொன்னவையும், 2021 இல் எதனோல் கூடிய பெற்றோல் வந்தபோது பழைய றப்பர்க் குழாய்கள் கரைந்து போகும், மாற்றுங்கள் என்று எச்சரித்தவையும் இவைதான்.

அப்படியானால் ஏன் தேய்கின்றன? சட்டம் நெரிக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. நாற்பது வயது கடந்த காருக்கு இங்கே வீதி வரி இல்லை. 2018 முதல் வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயமில்லை. 2019 இல் தொடங்கி 2023 இல் லண்டன் முழுவதற்கும் விரிந்த புகைக் கட்டண வலயத்துக்குள்ளும் அது காசு கட்டாமல் போய்வரலாம். நாற்பது வயதானால் எந்த எல்லைக்குள்ளும் கேள்வியில்லாமல் போகலாம் என்ற சலுகை மனிதருக்கு இல்லையே என்று எங்களுக்குள் பகிடி விட்டுக்கொள்வோம். 2030க்குப் பின் பெற்றோல் மட்டும் குடிக்கிற புதுக்கார் விற்கப்படமாட்டாது என்கிறது அரசாங்கம். பழையது ஓடத் தடையில்லை. ஆனால் பெற்றோல் அடிக்கிற நிலையங்கள் குறைந்துகொண்டு போகும்.

உண்மையான வருத்தம் வேறு. இளம் ஆட்களுக்குக் காப்புறுதி விலை, வீட்டோடு கராச் இல்லை, வாடகை அறையில் ஸ்பானர் வைக்கவே இடமில்லை. முன்பெல்லாம் ஒரு சந்தேகம் என்றால் சங்கத்துக் கிழவரைத்தான் கேட்கவேண்டும். இப்போது கைத்தொலைபேசியில் தேடினால் வீடியோவே வருகிறது. சந்தா எதற்கு? பழைய காரில் ஆசையுள்ள பொடியள் இல்லாமல் இல்லை. அவர்கள் தொண்ணூறுகளின் யப்பான் கார்களோடு இரவில் கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடத்தில் கூடுகிறார்கள். தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை, கூட்டக் குறிப்பும் இல்லை. அவர்களுடைய கார்களுக்குள் கணினி இருக்கிறது. அது பழுதானால் அரத்தால் அராவித் திருத்த முடியாது. அவர்களுக்குத் தேவையான சங்கம் இன்னும் பிறக்கவில்லை. இருக்கிற சங்கம் அவர்களை உள்ளே கூப்பிடுகிற விதம் தெரியாமல் நிற்கிறது.

எங்கள் ஊரிலும் பழைய கார்கள் ஓடின. சங்கம் இருக்கவில்லை. 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கைக்குப் புதுக்கார் வருவது அருமை. 1977 இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை இருந்ததைத் திருத்தித் திருத்தித்தான் ஓடினார்கள். பிறகு 1990 இல் போர் மீண்டும் தொடங்கி வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. அப்போதுதான் ஒஸ்ரின் ஏ40க்கும் கேம்பிறிட்ஜுக்கும் மொறிஸ் மைனருக்கும் இரண்டாவது வாழ்வு வந்தது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். பழைய இஞ்சினில் அமுக்கம் குறைவு, அதனால் அது மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டது. புது இஞ்சின்கள் அடிபட்டு உதறின. நாங்கள் இருவரும் அப்போது பிறந்ததும் பிறவாததுமான வயது. அந்தப் புகை மணம் மட்டும் தெரியும். கலியாணத்துக்கும் அந்தக் கார், செத்தவீட்டுக்கும் அந்தக் கார், காயக்காரரை ஏற்றவும் அந்தக் கார். அதை யாரும் பாரம்பரியம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

போன ஆவணியில் சங்கம் கலைகிற நேரம் ஒரு மைனர் ஸ்ராட் ஆகவில்லை. செயலாளர்ப் பெரியவருடைய கார். நாலைந்து பேர் பொனற்றுக்குள் தலையை விட்டு பற்றரி என்றார்கள், பிளக் என்றார்கள். அண்ணை கதவடியில் சிகரெற்றோடு நின்றவர். "பம்ப் அடிக்கேல்லை. ரிக்ரிக் எண்டு கேக்கவேணும், கேக்குதோ?" என்றார் எங்களிடம். "அண்ணை, ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்று தள்ளிவிட்டோம். கையில் இருந்த அகப்பையோடு போய், அதன் காம்பால் பெற்றோல் பம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். ரிக்ரிக் என்று அடித்தது. கார் எடுபட்டது. அந்தப் பம்பின் பொயின்ற் ஒட்டிக்கொள்ளும், தட்டினால் விடும். யாழ்ப்பாணத்தில் கிளீனர்ப் பொடியனுக்கும் தெரிந்த வித்தை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பெரியவர் ஆச்சரியப்பட்டார். அண்ணை தன்னுடைய இங்கிலிசில் "மை கன்றி, சேம் கார்" என்றார்.

பெரியவர் சங்கத்தில் சேரச் சொன்னார். கார் இல்லாதவரும் சேரலாம் என்றார். கைவேலை தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம், அவர்களுக்கும் எண்பது கடந்துவிட்டது என்றார். அண்ணைக்கு ஆசைதான். ஆனால் சங்கம் கூடுவது ஞாயிற்றுக்கிழமை; எங்களுக்கு வாரத்தில் அதிகம் முறிகிற நாள். திங்கட்கிழமைதான் லீவு. திங்களில் ஏதாவது வைக்கமுடியுமா என்று கேட்டோம். நிர்வாகக் குழுவில் கதைப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. இன்னும் கதைத்து முடியவில்லை.

இன்னொரு செய்தியையும் அவரிடமிருந்துதான் அறிந்தோம். பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் என்பவர் மைனர்களைப் புதுப்பிக்கிற நிலையம் நடத்தினார். புதுக்கார் வாங்கி விலை தேயவிடுவதைவிட ஒரே காரைக் காலமெல்லாம் திருத்தி ஓடுவது இலாபம் என்று 1980களின் தொடக்கத்தில் புத்தகமே எழுதினார். பிறகு மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையின் தெற்கில் செய்விக்க ஏற்பாடு செய்தார். எங்கள் பின்வளவில் பளபளக்கிற இங்கிலாந்தின் செல்லப்பிள்ளைகள் சிலவற்றின் மட்காட்டில் இலங்கைத் தொழிலாளியின் சுத்தியல் பட்டிருக்கலாம். அசல் எது என்று இங்கே மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். திருகாணி அசலா, வர்ணம் அசலா, மின் மோட்டார் பூட்டினால் அது இன்னமும் மைனரா? அண்ணையின் கராச்சில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கவில்லை. யப்பான் டீசல் இஞ்சினைப் பூட்டினாலும் அது ஒஸ்ரின்தான், ஓடினால் சரி.

இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. அசலைக் காப்பாற்ற ஒருவரும் இல்லாவிட்டால் இசிகோனிஸின் நாலு அங்குலம் யாருக்கும் தெரியாமல் போகும். ஆனால் அசலை மட்டும் காப்பாற்றினால் பம்பின் சத்தம் கேட்கத் தெரிந்த காது இல்லாமல் போகும். கார் நூதனசாலையில் இருக்கும். அதை எழுப்பத் தெரிந்தவர் இருக்கமாட்டார். சங்கங்கள் பொருளுக்குப் பதிவேடு வைத்த அளவுக்குக் கைக்குப் பதிவேடு வைக்கவில்லை. அந்தக் கை வேறு நிறத்தில், குசினிக் கதவடியில் நின்றால் கண்ணுக்குப் படுவதும் தற்செயலாகத்தான்.

இதை வாசிக்கிற உங்களுக்கு எங்கள் சங்கங்கள் ஞாபகம் வரும். பழைய மாணவர் இராப்போசனத்தில் அதே கல்லூரிக் கீதம், அதே கொடி, அதே ஐம்பது பேர். பிள்ளைகள் வருவதில்லை என்று மேடையில் குறைப்பட்டுக்கொள்கிறோம். கல்லூரிக் கட்டடத்துக்குக் காசு சேர்த்து அனுப்புகிறோம், நல்ல காரியம். ஆனால் பிள்ளைக்கு எதைக் கையில் கொடுத்திருக்கிறோம்? பார்த்துக் கைதட்டுவதற்கு மட்டும் கூட்டிக்கொண்டுபோனால் ஒருமுறை வரும், இரண்டாம் முறை படிப்பிருக்கிறது என்று சொல்லும். பழைய கார்க்காரராவது பொனற்றைத் திறந்து வைக்கிறார்கள். யாராவது எட்டிப் பார்த்தால் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. நாங்கள் பொனற்றைப் பூட்டி, மேலே மாலை போட்டு வைத்திருக்கிறோம்.