ஈன்ற பூனைக்குப் பால் வார்க்கலாமா?

ஈன்ற பூனைக்குப் பால் வார்ப்பது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் அன்புச் செயல். ஆயினும், வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குன்றிவிடுகின்றது. வார்த்த பாலே வயிற்றுப்போக்கை விளைவிக்கக் கூடும்.

காசிமேட்டில் வாழும் எங்களுக்கு இதனை உணர்த்தியது, எங்கள் வீட்டுப் பரணில் மூன்று குட்டிகளை ஈன்ற பூனையே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் புதுமீன் அருகவே, அது அழுகிய கழிவைத் தின்று வாந்தியும் கழிச்சலும் கண்டது. இரக்கமுற்ற தெருச் சிறுவர்கள் பால் வார்த்தனர், கழிச்சல் மிகுந்தது. தாய்க்குப் பால் வற்ற, குட்டிகள் ஓயாது கத்தின.

அண்டை வீட்டார் காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுக்கச் சொன்னார்கள். பாரசிட்டமால் பூனையின் உயிரையே பறிக்கும் நஞ்சு, ஆதலால் மறுத்துவிட்டோம். நான்கையும் கூடையிலிட்டு, 1903-இல் தொடங்கப்பெற்ற வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றோம். மருத்துவர் தாயின் பிடரித் தோலை இழுத்து விட்டார்; அது மெல்லவே படிந்தது. உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. நீர் ஏற்றினார். உருளைப்புழு தாய்ப்பால் வழியே குட்டிகளுக்கும் பரவுமென்று எல்லாவற்றிற்கும் புழு மருந்து அளித்தார்.

உப்பும் மசாலாவும் சேர்க்காது வேகவைத்து, முள் நீக்கிய மீனைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். அருகில் எப்போதும் தண்ணீர் வைத்தோம். நான்காம் நாள் பால் சுரந்தது. குட்டிகளின் கதறல் ஓய்ந்தது.

பாலூட்டும் பூனைக்கு வழக்கத்தினும் இருமடங்குக்கு மேல் உணவு வேண்டும். அது ஒரு நாள் முழுதும் உண்ணாதிருப்பின், காத்திராது மருத்துவரை நாடுங்கள். வாயில்லாச் சீவனிடம் காட்டும் அன்புக்கு அறிவும் துணை நிற்றல் வேண்டும்.