உப்பேறிய வயல்

கால்வாய் என்றால் வெள்ளவத்தைக்காரர்களாகிய எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நாற்றம்தான். பாலத்தில் பஸ் ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். கொழும்பில் பெய்யும் மழை ஒரு பக்கம் கடலுக்கும் மறுபக்கம் களனி கங்கைக்கும் இந்தக் கால்வாய்கள் வழியாகத்தான் வடிகிறது என்பதை யார் நினைத்துப் பார்க்கிறோம்?

ராத்தாவுக்கு வரன் பேசுகிறார்கள். வீடு வேண்டும். கொழும்பில் காணி விலை கேட்கவே பயம். வாப்பா வத்தளைப் பக்கம் பத்து பேர்ச் பார்த்து வந்தார்.

"முந்தி வயலாம் மகள். இப்ப நல்லா மண் போட்டு நிரப்பியிருக்கிறாங்க."

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் எனக்கு 'வயல்' என்ற சொல் உறுத்தியது. வத்தளையிலிருந்து நீர்கொழும்பு நோக்கி நீளும் முத்துராஜவெல இன்று சதுப்பு நிலம். ஆனால் 'வெல' என்ற சிங்களச் சொல்லுக்கு வயல் என்றே பொருள். கோட்டே மன்னர் காலத்தில் அங்கே நெல் விளைந்தது. பிறகு படகுப் போக்குவரத்துக்காகக் கால்வாய் வெட்டினார்கள். அந்த வழியே கடல்நீர் உள்ளே ஏறி வயலை உப்பாக்கிவிட்டது. ஒல்லாந்தர் சரிசெய்யப் பார்த்தும் முடியவில்லை. அந்த உப்புநீரை வடிக்கவென்றே ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் ஹமில்டன் கால்வாயை வெட்டி முடித்தார்கள். அதன் நீளம் 14.5 கிலோமீற்றர். ஒரு கால்வாய் செய்த கேட்டை இன்னொரு கால்வாயால் தீர்க்கப் பார்த்த கதை! இன்று அங்கே நெல் இல்லை, நாணலும் கண்டலும்தான்.

பயனற்ற நிலம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. களனி பெருகும்போது வெள்ளத்தை வாங்கி வைத்து மெதுவாக விடுவது இப்படிப்பட்ட சதுப்புகளும் தாழ்ந்த வயல்களும்தான். 2016 மே மாதம் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகளுக்குள் வெள்ளம் நாட்கணக்கில் நின்றது. 2018இல் கொழும்புக்கு ரம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. டிப்பர்கள் மட்டும் கிரவல் கொட்டுவதை நிறுத்தவில்லை.

இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிதான் மகள். நம்மட காசுக்கு வேற எங்க காணி கிடைக்கும்?"

அதற்கு என் புவியியல் புத்தகத்தில் பதில் இல்லை. ராத்தாவும் ஒன்றும் பேசவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த உம்மும்மாதான் வெற்றிலையை மடித்தபடி, "மருமகன், நல்ல மழ நாளொண்டுல போய்ப் பாத்துட்டு முற்பணம் குடுங்க," என்றார்.

வாப்பா இன்னும் கொடுக்கவில்லை. ஒக்டோபர் மழைக்காகக் காத்திருக்கிறோம்.