எரிமலை இல்லாத வெந்நீர்



நியூசிலாந்தில் வெந்நீர் ஊற்று என்றதும் எல்லோரும் வடதீவின் ரோட்டோருவாவைத்தான் சொல்வார்கள். அது எரிமலை மண். வண்டியை நிறுத்தி, சீட்டு வாங்கிக் குளித்துவிட்டு வரலாம். என் மனம் ஒட்டிக்கொண்டதோ தென்தீவின் மேற்குக் கரையில், காப்லாண்ட் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் வெல்கம் ஃபிளாட்டில். நெடுஞ்சாலையிலிருந்து 18 கிலோமீட்டர், ஏழு மணி நேர நடை.

ஆற்றையொட்டி ரிமு, ராட்டா மரக்காடு. வேர்களிலும் பாறைகளிலும் பாசி வழுக்கும். நின்றால் சேண்ட்ஃபிளை பூச்சிகள் மொய்த்துப் பிடுங்கும். பெரிய ஓடைகளுக்குத் தொங்கு பாலம் உண்டு. சின்ன ஓடைகளில் இறங்கித்தான் கடக்க வேண்டும். மழை வலுத்தால் அவையே ஆளை இழுத்துவிடும். அப்போது காத்திருப்பது ஒன்றே வழி.

அந்த மழைதான் வெந்நீராக வருகிறது என்பது எனக்கு இன்னும் தீராத வியப்பு. பக்கத்தில் எரிமலை எதுவும் கிடையாது. ஆல்பைன் என்ற நிலப்பிளவை ஒட்டி மலை ஓயாமல் மேலே தள்ளப்படுகிறது. அதன் உச்சியை மழையும் பனியாறும் அரித்துக்கொண்டே இருக்கின்றன. ஆழத்துப் பாறை ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. வெடிப்புகள் வழியே இறங்கும் மழைநீர் அந்தச் சூட்டைத் தொட்டுப் பள்ளத்தாக்கின் தரையில் வெளியேறுகிறது. 1717இல் பெரும் நிலநடுக்கத்தை உண்டாக்கியதும் இதே பிளவுதான். அதை நினைத்தபடி அந்த நீரில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயத்தைவிட மரியாதையே மிகுந்தது.

அந்த வெந்நீர் தேங்கும் குளம் படித்துறை கட்டிய குளமல்ல. காலடியில் சேறு, கழுத்தளவு இதமான சூடு, எதிரே சியரா மலைத்தொடரின் பனி. ஊற்றுவாயை நெருங்கினால் சுடும். சோப்பு கூடாது.

தலையை மட்டும் நனைக்கக் கூடாது. இத்தகைய வெந்நீரில் வாழக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியாகப் புகுந்தால் மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கும். அபூர்வம்தான், ஆனால் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. குற்றாலத்திலும் தாமிரபரணியிலும் முங்கிக் குளித்து வளர்ந்த நமக்குத் தலை நனையாத குளியல் குளியலே அல்ல. என்றாலும் இங்கே வரும் நம்மவர்களிடம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்: முங்காதீர்கள், குழந்தைகளையும் முங்க விடாதீர்கள்.

குளத்துக்கு அருகிலேயே இயற்கைப் பாதுகாப்புத் துறையின் தங்குகுடில் இருக்கிறது. முன்பதிவு செய்யாமல் கிளம்ப வேண்டாம்; ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரமல்ல அது.