அத்தாவின் புல்லட்

மர்ஹூம் அத்தா 1978-இல் வாங்கிய என்ஃபீல்டு புல்லட் இன்று என் பொறுப்பில் இருக்கிறது. திருவொற்றியூர் ஆலையில் உருவான வண்டி. அதன் முகவிளக்கின் மேற்கூட்டில் ஓர் ஆம்பியர் மானி உண்டு. மின்சாரம் பேட்டரிக்குள் சென்றால் முள் ஒருபுறமும், வெளியேறினால் மறுபுறமும் சாயும். அத்தா சாலையைப் பார்த்ததைவிட அம்முள்ளைப் பார்த்ததே அதிகம் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வார்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, மகளைப் பின்னால் அமர்த்தி ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தின் வழியே திருச்சி திரும்பிக்கொண்டிருந்தேன். நடுப்பாலத்தில் விளக்கு மங்கி அணைந்தது, எஞ்சினும் நின்றது. பின்னால் வந்த பேருந்து ஒரு முழ இடைவெளியில் ஒதுங்கிச் சென்றது. "இதை விற்றுவிடுங்கள் அத்தா" என்று பன்முறை சொன்னவள், அன்று ஒன்றுமே பேசவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

இத்தனைக்கும் ஆறு மாதம் முன்புதான் 6 வோல்ட் அமைப்பை 12 வோல்ட்டாக மாற்றியிருந்தேன். கணக்கு பிழையன்று. 36 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் கேட்கும். 12 வோல்ட்டில் 3 போதும். மின்னோட்டம் பாதியானால் கம்பியில் வெப்பமாக வீணாவது கால் பங்காகக் குறையும். சுருள், ரெகுலேட்டர், காயில், பல்புகள், ஹாரன், பேட்டரி யாவும் புதியவை. கம்பிகள் மட்டும் பழையவை. மாற்றியவர் அவற்றைத் தொடவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்து முதிய மெக்கானிக் ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடுகையில் ரெகுலேட்டரில் 14.2 வோல்ட், பேட்டரி முனையில் 12.6. "கரண்ட் பொறக்குது பாய், ஊர் போய்ச் சேரலை" என்றார். எனக்கு இஸ்னாது நினைவுக்கு வந்தது. முதல்வரும் கடைசியானவரும் நம்பகமானவர்களாய் இருந்தும், இடையில் ஒருவர் பலவீனரானால் அறிவிப்பு ளயீஃப் ஆகிவிடுகிறதல்லவா? முப்பதாண்டு மாணவர்களுக்கு அதை ஓதிக்கொடுத்த நான், என் வண்டியில் இரு முனைகளை மட்டுமே மாற்றியிருக்கிறேன்!

கம்பிக் கட்டைப் பிரித்தோம். அத்தா தம் கையால் முறுக்கிக் கறுப்பு நாடா சுற்றிய இணைப்புகள் ஐந்து. ஒவ்வொன்றின் உள்ளும் செம்பு பச்சைக் களிம்பேறியிருந்தது. எர்த் கம்பியோ சட்டத்தில் பெயிண்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. அவற்றை வெட்டுகையில் நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னார். சார்ஜ் கம்பி முன்னே ஏறி, ஆம்பியர் மானிக்குள் நுழைந்து, மீண்டும் பின்னே இறங்கிப் பேட்டரிக்கு வருகிறது. அந்தச் சுற்றுவழியிலும் வோல்ட் குறைகிறது. "நேரா இழுத்துடலாம். முள்ளு அசையாது. பரவாயில்லீங்களா பாய்?"

உடனே விடை வரவில்லை. இரண்டாவது தேநீரும் ஆறிய பிறகே தலையசைத்தேன்.

தடித்த கம்பி நேரே பேட்டரிக்குப் போயிற்று. அருகிலேயே ஒரு ஃபியூஸ். எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் தனி எர்த். கைப்பிடி திரும்பும் இடத்தில் இழுபடாதவாறு தளர்வு விட்டு, முனைகளைப் பற்றவைத்து உறையிட்டார். மாலையில் பேட்டரி முனையில் 14.0 காட்டியது.

அன்றிரவே மகளுடன் பாலத்தைக் கடந்தேன். வெளிச்சம் சீராய் விழுந்தது. முள் நடுவிலேயே நின்றது. அது தெரிந்தும் என் கண் இரண்டுமுறை அங்கே போயிற்று. "சாலையைப் பாருங்க அத்தா" என்றாள் மகள்.