இரண்டு வீதி தூரம்

ஓர் ஊரில் இரத்த உறவு இருக்க, அவ்வூரில் காசு கொடுத்து விடுதியில் தங்குவதை நம் பெரியவர்கள் அறிந்ததில்லை. நம் தகப்பனார் ஒரு வழக்கின் பொருட்டு நாகப்பட்டினம் போய் வருவார். வண்டி தாமதமாகி நள்ளிரவு ஆனாலும், சிறிய தகப்பனாரின் சம்பந்தி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். "விடுதி என்பது ஆளில்லாதவனுக்கு" என்பது அவர் வாக்கு. அவருடைய மகனாகிய நாம், சில ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில், நம் மாமியின் வீட்டிலிருந்து இரண்டே வீதி தள்ளியிருக்கும் உயர்தர விடுதி ஒன்றில் அறை எடுத்துத் தங்கினோம். அவருக்குச் சொல்லாமலே தங்கினோம். அதை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

நம் மகன் டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் பணிபுரிகிறார். அவரைக் காணச் சென்றிருந்தபோது, அந்நகரின் நடுவே 'அரசரின் புதுச் சதுக்கம்' என்று பொருள்படும் பெயருடைய பெருவெளிக்கு நம்மை அழைத்துச் சென்றார். அதன் ஓரத்தில் வெண்மாளிகை போன்றதொரு விடுதி நிற்கிறது. 'த'ஆங்லெதெர்' என்பது பெயர். 1755ஆம் ஆண்டு தொடங்கிய பரம்பரை அதனுடையது. வாயிலில் நீண்ட அங்கி அணிந்த காவலர் நின்றார். நாமும் பேரப்பிள்ளைகளும் எதிர்ப்புறத்து நடைபாதையில் நின்று பார்த்தோம். "நாம் ஏன் உள்ளே போகக் கூடாது, நன்னா?" என்று பேரன் கேட்டான். மகன் சிரித்துக்கொண்டே, "ஊருக்குப் போகும்போது இதே மாதிரி ஒன்றில் தங்கலாம். அதுவும் இந்த நாட்டார் கட்டிய ஊரில்" என்றார். சிறுவர்கள் அதை மறக்கவில்லை. கேட்டதை மறக்கும் வழக்கம் பெரியவர்களுக்குத்தான் உண்டு.

இந்த நாட்டார் நம் காவிரிக் கரைக்கு வந்த கதையைப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொன்னோம். ஓவே கெட்டே என்னும் தளபதியின் தலைமையில் ஒரு கப்பற்படை கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டது. அதற்கு முன்னோடியாக வந்த கப்பலைக் காரைக்காலை ஒட்டிய கடலில் போர்த்துக்கீசியர் அழித்தனர். உயிர் தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் சில மாலுமிகளுடன் தஞ்சை அரண்மனையை அடைந்தார். அங்கே அரசாண்டவர் இரகுநாத நாயக்கர். கரை ஒதுங்கியவர்களுக்கு அவர் இடமளித்தார். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. கடலோரச் சிற்றூராகிய தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வாணிகம் செய்யவும் டேனியர் உரிமை பெற்றனர். தஞ்சை அரசுக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்ட ஒப்பினர். நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் ஏட்டில் தமிழில் எழுதியனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. "தங்கத்தில் எழுதியதா?" என்று பேத்தி வியந்தாள். நிலம் கொடுத்தவர் பொன்னில் எழுதி அனுப்பினார் என்பதே நம் நெஞ்சில் தைத்தது. ஏன் தைத்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

அது தை மாதம். பாபநாசத்தை ஒட்டிய நம் ஊரிலிருந்து காரில் புறப்பட்டு, மயிலாடுதுறை, செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சென்றோம். இருமருங்கும் சம்பா அறுவடை. ஆட்கள் வரிசை பிடித்து அறுத்த வயல்களில் இப்போது இயந்திரம் உறுமுகிறது. நெல் தார்ச்சாலையிலேயே காய்கிறது. வண்டிகள் ஒரு சக்கரத்தை அதன் மேல் ஏற்றாமல் போக இயலாது. காவிரியின் கடைமடை இது. மேட்டூர் அணை திறந்த நீர் இங்கே வந்து சேர்வதற்குள் எத்தனையோ மடைகளைத் தாண்ட வேண்டும். 1926 முதல் மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஓடிய ரயில் 1986இல் நின்றுபோயிற்று. நம் மாமி மணப்பெண்ணாக அந்த ரயிலில்தான் இவ்வூருக்கு வந்து இறங்கினார்.

ஊருக்குள் நுழைய ஒரு கோட்டைவாயில் இருக்கிறது. 1792இல் கட்டிய வெண்ணிற வாயில். டேனிய அரசரின் முத்திரை மேலே பொறித்திருக்கிறது. அதைக் கடந்ததும் ராஜா வீதி. ஒருபுறம் 1701இல் எழுந்த சீயோன் ஆலயம், மறுபுறம் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், தூண் வைத்த மாடங்கள், சுண்ணாம்புச் சுவர்கள். ஓசை இல்லை. நம் பேரப்பிள்ளைகள், "இது நம் ஊர் மாதிரியே இருக்கிறது!" என்றனர். அவர்கள் சொன்ன 'நம் ஊர்' கோபன்ஹேகன். 1706இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் சில ஆண்டுகளுக்குள் தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, தமிழிலேயே நூல் அச்சிட்டார். நம் வீட்டுக் குழந்தைகளோ டேனிய மொழியில் சண்டையிட்டு, தமிழில் சமாதானமாகிறார்கள். அவ்வளவேனும் மிஞ்சியிருப்பது பற்றி மகிழ்ச்சி கொள்கிறோம்.

வீதியின் கடைசியில் கோட்டை. அதனருகே கடலைப் பார்த்தபடி நம் விடுதி. 1845இல் டேனியர் தம் இந்திய உடைமைகளைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போயினர். அதன்பின் ஆங்கிலேயக் கலெக்டர் குடியிருந்த பங்களா இது. பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு விடுதியாக்கும் நீம்ரானா நிறுவனத்தார் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையும் எடுத்துச் சீர்செய்தனர். மாடியைச் சுற்றி அகன்ற தாழ்வாரம், உயரமான கூரை, தேக்குக் கட்டில், பிரம்பு நாற்காலி. பணியாளர்கள் பணிவும் அன்பும் உடையவர்கள். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓரிரவு வாடகை, அன்றைய விலையில் ஐந்தாறு மூட்டை நெல்லுக்குச் சமம். இரண்டு அறைக்கு இரண்டு இரவு என்று கணக்கிட்டுப் பார்த்து, கணக்கை அத்துடன் நிறுத்திக்கொண்டோம்.

மூட்டைக் கணக்கு நமக்கு வேறு ஒரு கணக்கை நினைவூட்டிற்று. நம் பாட்டனார் விட்டுச் சென்றது பதினைந்து மா நன்செய். இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண்மகள். மார்க்கத்தின் பாகப்படி ஆறு, ஆறு, மூன்று. சின்னத்தா தம் ஆறு மாவைப் பிரித்து விற்றுவிட்டுக் கடல் கடந்தார். மாமிக்குரிய மூன்று மாவும் நம் அத்தாவின் கையிலேயே இருந்தது. "நகை போட்டோம், சீர் செய்தோம்" என்ற பேச்சு எல்லா வீடுகளிலும் உள்ளதே. நம் வீட்டிலும் இருந்தது. ஆயினும் அத்தா ஆண்டுதோறும் தை அறுவடை முடிந்ததும் ஐந்து மூட்டை நெல்லைத் தங்கைக்கு அனுப்பி வந்தார். முதலில் ரயிலில், ரயில் நின்ற பின் லாரியில். அவர் மறைந்த பிறகு இரண்டு ஆண்டு நாம் அனுப்பினோம். மூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது, அனுப்பவில்லை. நான்காம் ஆண்டு நன்றாகவே விளைந்தது. அப்போதும் அனுப்பவில்லை. மாமி ஒரு சொல் கேட்கவில்லை. அவர் கேட்காதது நமக்கு வசதியாயிற்று. வசதி நாளடைவில் கூச்சமாயிற்று. கூச்சம் அந்த வாசலையே மறக்கச் செய்தது. "மாமி வீட்டில் தங்கலாமே" என்று நம் இல்லத்தார் ஒருமுறை சொன்னபோது, "வயதானவருக்கு எதற்குச் சிரமம்?" என்று வாயடைத்தோம். பணம் கொடுத்துத் தங்கும் இடத்தில் உள்ள பெரிய சுகம், நம்மை அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்பதே.

முதல் நாள் இரவு அலையோசையில் உறக்கம் வரவில்லை. விடுதியின் நாற்காலிகள், கட்டில்கள், சன்னல்கள் அனைத்தும் கடலையே நோக்கியவை. ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுந்தபோது, கிப்லா மேற்கே இருப்பதால் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியதாயிற்று. பின்புறத்துக் கதவைத் திறந்தோம். பள்ளிவாசல் தெருவிலிருந்து பாங்கு ஒலித்தது. அந்தத் தெருவை நோக்கித்தான் நாம் தக்பீர் கட்டி நின்றோம். மாமியின் வீடு அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? டேனியர் வருவதற்கு முன்பே முஸ்லிம் வணிகர் வாழ்ந்த ஊர் இது. தெருவில் பழைய திண்ணை வீடுகள் சில நின்றன. சில ஓடு சரிந்து, உத்திரம் தெரியக் கிடந்தன. கலெக்டர் பங்களாவைச் சீர்செய்ய ஆள் இருந்தது. மரைக்காயர் வீட்டு முற்றத்தைச் சீர்செய்ய அதன் வாரிசுகள் ஊரில் இல்லை. பிழை யாருடையது என்று ஆராய்வதற்கு நமக்குத் தகுதி இல்லை. தொழுகை முடிந்து வெளியே வருகையில் ஓர் இளைஞர் ஸலாம் சொல்லி, நம் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்கள் எங்கள் பாட்டியின் அண்ணன் மகன் அல்லவா? வீட்டில் படம் இருக்கிறது" என்றார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். அவர் முகம் மாறவில்லை. அதுதான் கடினமாக இருந்தது.

அன்று அஸருக்குப் பின் விடுதிப் பணியாளர் மேலே வந்து, "ஒரு பாட்டியம்மா வந்திருக்கிறார்கள்" என்றார். எண்பதைக் கடந்த மாமி, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, பேரனின் தோளைப் பற்றியபடி படியேறி வந்தார். பேரன் கையில் ஐந்தடுக்குத் தூக்கு. அறுபது ஆண்டுக்கு மேலாக இரண்டு வீதி தள்ளி வாழ்ந்தும் அந்தப் பங்களாவுக்குள் அவர் கால் வைத்தது அதுவே முதல் முறை. தாழ்வாரத்துப் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து, சுற்றிலும் பார்த்தார்.

"நல்லா இருக்கு தம்பி. நல்ல காத்து" என்றார்.

நாம் ஏதோ சொல்லத் தொடங்கினோம். பிள்ளைகள், பயணம், சிரமம் என்று நாக்கு தடுமாறியது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கடலைக் காட்டினார். தாம் வந்த புதிதில் கரை இன்னும் தொலைவில் இருந்தது என்றார். மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியையும் கடல் கொண்டுவிட்டதைச் சொன்னார். 2004 டிசம்பர் 26 காலையில் அலை எழுந்து வந்ததைச் சொன்னார். கோட்டை நின்றது, மீனவர் குடியிருப்பு போயிற்று, நூற்றுக்கணக்கான உயிர்கள். அன்று அவர் வீட்டு முற்றத்தில் யார் யாரோ வந்து தங்கினார்களாம். எத்தனை நாள் என்று கேட்டோம். "யாரு எண்ணினா?" என்றார்.

பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, "தம்பி, வாய்க்கால் ஓரத்து நிலம் இந்த வருஷம் எப்படி?" என்று கேட்டார்.

"நன்றாக விளைந்திருக்கிறது, மாமி."

"அல்ஹம்துலில்லாஹ். நடவு சமயத்துல அந்த வரப்புல நின்னு அண்ணனுக்குக் கஞ்சி கொண்டு போயிருக்கேன். அதான் கேட்டேன்" என்றார்.

அவர் கேட்டது அவ்வளவே. அதற்குமேல் அந்த நாற்காலியில் நம்மால் உட்கார முடியவில்லை. தூக்கை அங்கே திறக்க வேண்டாம் என்றோம். எல்லோரும் எழுந்து அவருடன் நடந்தோம். இரண்டு வீதி தூரம். அவர் நடைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முற்றத்தில் பாய் விரித்து, நெய்ச்சோறும் தாளிச்சாவும் கறியும் ஒரே சஹனில் வைத்தார்கள். ஒரு தட்டில் நால்வர் உண்பதைப் பிள்ளைகள் அன்றுதான் கண்டனர். முதலில் தயங்கிய பேரன், பிறகு பக்கத்தில் இருந்த மாமியின் கொள்ளுப்பேரனுடன் கறித்துண்டுக்குப் போட்டியிட்டான். இரவு அங்கேயே படுத்தோம். மேலே ஓடு உடைந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. காற்றில் அது படபடத்தது. விடுதியில் இரண்டு அறைகளும் விளக்கெரிந்தபடி காலியாகக் கிடந்தன. சாவிகள் நம் சட்டைப்பையில் இருந்தன.

காலையில் நாம் மட்டும் விடுதிக்குச் சென்று கணக்கை முடித்தோம். மேசை மேல் இருந்த வெள்ளைத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, நிலத்தின் சர்வே எண், மூன்று மா பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றை எழுதி, பத்திரம் பதிந்து தருவதாகக் கீழே கையெழுத்திட்டோம். அனுப்பாத ஆண்டுகளின் நெல்லையும் மூட்டைக் கணக்கில் எழுதினோம். பொன் ஏடு அல்ல, விடுதித் தாள்தான். மாமி திண்ணையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தாளைக் கையில் கொடுத்தோம். எழுதப் படிக்கத் தெரியாதவர். என்ன என்று கேட்கவில்லை. பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லவும் இல்லை. நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்து, கயிற்றை இழுத்துக்கொண்டு, "பிள்ளைங்க பசியாறிட்டாங்களான்னு பாரு தம்பி" என்றார்.