"அது லெஃப்ட் மரை, கண்ணு!" - மகளின் சைக்கிளுக்குக் காவல் போட்ட அப்பா

அரை மணி நேரமாக அந்தக் கப் அசையவே இல்லை.

கோத்தகிரியில் ஒரு வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமை காலை. சாக்கை விரித்து அதன்மேல் மவுன்டன் பைக்கைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறாள் மகள். கிராங்கை எடுத்தாகிவிட்டது. பெடல் அச்சு ஓடும் குழாயின் வலப்பக்கக் கப்பைத்தான் கழற்ற முடியவில்லை. ஸ்பேனரை இடப்பக்கமாக அழுத்துகிறாள், மூச்சைப் பிடித்துத் தொங்குகிறாள். மூன்று மாதத்துக்கு முன் உடைந்து கூடிய காரை எலும்பு 'வேண்டாம்' என்கிறது. விட்டுவிட்டு மறுபடி தொங்குகிறாள்.

திண்ணையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதாவது, அதே பக்கத்தை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் மூன்று மாதமாக சைக்கிள் பற்றிப் பேச்சே கிடையாது. டீ எஸ்டேட் மண் பாதையில் இறங்கி, ஒரு பள்ளத்திலிருந்து எழுந்து நின்று மிதித்து ஏறும்போது செயின் கழன்றுவிட்டது. மிதிக்கிற கால் திடீரென்று வெறும் காற்றை மிதித்தால் என்ன ஆகும்? மொத்த உடம்பும் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போகும். தோளில் கட்டு, ஆறு வாரம் தொட்டில். கெண்டைக்காலில் நாய் கடித்த மாதிரி வரிசையாக ஏழு புள்ளிகள். அது பெரிய பல் சக்கரத்தின் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மா சொல்லிவிட்டார். "ஏனுங்க, அந்தச் சனியனை முதல்ல வித்துருங்க." அப்பா விற்கவில்லை. 'விற்கமாட்டேன்' என்றும் சொல்லவில்லை. கோணியைப் போட்டு மூடி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

தோள் சரியானதும் மகள் செய்த முதல் காரியம், தன் சம்பளத்தில் ஒரு செயின் கைடும் ஒரு பாஷ்கார்டும் ஆர்டர் போட்டதுதான்.

நம்மில் பலருக்கு இந்த இரண்டு பெயரும் புதிதாக இருக்கலாம். அவளுடையது 'ஹார்ட்டெயில்' வகை. முன் சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன், பின்னால் வெறும் கம்பிதான். கல்லில் இறங்கும் ஒவ்வொரு அடியும் நேராகப் பின்சக்கரத்துக்குப் போய் செயினை உதறும். செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் கையும் முன்னும் பின்னும் ஆடும். அந்த நேரம் செயின் தொளதொளத்து, முன் பல் சக்கரத்திலிருந்து நழுவிவிடும். அதுவும் அவளுடையது செகண்ட்ஹேண்டில் வாங்கிய பழைய வண்டி. முன்னால் 22, 32, 42 பற்கள் என மூன்று சக்கரங்கள். கியர் மாற்றும்போது செயின் சுலபமாகத் தாவவேண்டும் என்றே அந்தப் பற்களில் சிலவற்றைக் குட்டையாகச் செதுக்கியிருப்பார்கள். தாவத் தெரிந்த செயினுக்கு, வேண்டாத நேரத்திலும் தாவத் தெரியும்!

2012-ல் ஸ்ராம் நிறுவனம் ஒரு பல் தடிமன், ஒரு பல் மெல்லிசு என்று மாறி மாறி வரும் ஒற்றைச் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகு, புது வண்டிகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய வண்டிக்காரர்களுக்கு இதுவும் ஒரு வழி. செயின் கைடு என்பது செயினைப் பக்கவாட்டில் போகவிடாமல் பிடிக்கும் சின்னக் கூண்டு. பாஷ்கார்டு என்பது பெரிய பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டும் பல்லில்லாத வட்டத் தட்டு. கல் மோதினால் தட்டு வாங்கிக்கொள்ளும். பல்லும் வளையாது, காலும் கிழியாது.

"அது லெஃப்ட் மரை, கண்ணு."

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னார்.

"என்னப்பா?"

"செயின் பக்கத்துக் கப்பு லெஃப்ட் மரை. கடிகாரம் சுத்துற பக்கமாத் திருப்பு. அப்பத்தான் கழலும்."

திருப்பினாள். 'க்ரீச்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? ஒரு காலத்தில் மேட்டுப்பாளையத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். பின் மட்கார்டில் நம்பர் எழுதிய 12 சைக்கிள்கள். மலைக்குக் குடிவந்தபோது கடையைக் கைமாற்றிவிட்டார். ஆனால் கைக்கு மறக்குமா? அன்றைய கறுப்பு சைக்கிளிலும் வலப்பக்கக் கப் இதே லெஃப்ட் மரைதான். "கிராங்க் வலமாச் சுத்தும். உள்ள இருக்கிற பால்ஸ் உருண்டு உருண்டு, கப்பை எதிர்ப்பக்கமாத் தள்ளிக்கிட்டே இருக்கும். சாதா மரையா இருந்தா தானாக் கழண்டு வந்துரும். அதனாலதான் மரையைத் திருப்பி வெட்டுனான்." சொல்லிக்கொண்டே எழுந்து வந்து சாக்கில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். கடைக்கு வரும் காலேஜ் பையன்கள் புது சைக்கிளில் முதலில் கழற்றச் சொல்வது செயின் கவரைத்தானாம். 'ஸ்டைலா இல்லண்ணே' என்பார்களாம். "எத்தனை கவரை இந்தக் கையால கழட்டியிருக்கேன். இப்ப காசு கொடுத்து மாட்டுறோம்." மகள் சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

வேலை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவள் வாங்கிய கைடின் தகடு, கப்புக்கும் குழாய்க்கும் நடுவில் சொருகி இறுக்கும் ரகம். தகட்டை வைத்து, கப்பை முறுக்கி, கிராங்கை மாட்டினார்கள். இடது கை கிராங்க் முழுசாக உள்ளே போகவில்லை. அச்சு கழன்று வராமல் தடுக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு, அதன் துளையில் விழ மறுத்தது. "லேசா ஒரு தட்டு தட்டினா போயிரும்ப்பா" என்றாள் மகள். அப்பா சுத்தியலை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார். கழற்றி எடுத்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. வலப்பக்கத்தில் ஏற்கெனவே 2.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்று இருந்தது. தகடும் அதே தடிமன். தகடு வந்தால் வளையம் வெளியே போகவேண்டும். இவர்கள் இரண்டையும் வைத்து முறுக்கியிருக்கிறார்கள். வளையத்தை எடுத்ததும் நாக்கு 'டக்'கென்று உட்கார்ந்தது. வீட்டில் முயற்சி செய்பவர்கள் இந்த ஓர் இடத்தில் கவனமாக இருந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

நடுவில் இருக்கும் 32 பல் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு 42-ஐயும் 22-ஐயும் கழற்றினார்கள். முன்பக்க கியர் மாற்றியும், அதன் கேபிளும் போயின. செயினைப் பின்னாலுள்ள பெரிய பல் சக்கரத்தின் மேல் சுற்றி அளந்து, நான்கு கண்ணிகளைக் குறைத்தார்கள். கைடு செயினில் உரசக்கூடாது, ரொம்ப விலகியும் நிற்கக்கூடாது. அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து இடைவெளியில் விட்டுப் பார்த்து போல்ட்டை இறுக்கினார்.

அப்போதுதான் கேட்டார். "22-ஐ எடுத்துட்டியே, ஏத்தத்துக்கு என்ன பண்ணுவ?"

நியாயமான கேள்வி. கோத்தகிரியில் எங்கே போனாலும் திரும்பி வர ஏறித்தான் ஆகவேண்டும். 22 பல் சக்கரத்தில் மெதுவாகவாவது மிதித்து ஏறிவிடலாம். 32-ல் தொடை கதறும். செயின் கழலாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

"முடியலைன்னா இறங்கித் தள்ளிக்கிட்டு வருவேன்ப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை நிமிர்த்தினார். பின்பக்கத்தை ஓர் அடி உயரம் தூக்கி, 'தொப்'பென்று போட்டார். செயின் குதித்து, கூண்டுக்குள்ளேயே அடங்கியது. மறுபடி தூக்கிப் போட்டார். மறுபடியும். பத்து தடவைக்கு மேல் இருக்கும். சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தார். சைக்கிள் வெளியே வந்திருப்பதையும், கணவரின் வேட்டியெல்லாம் கிரீஸாக இருப்பதையும் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்களுமா?"

"நீ ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பாரு" என்றார் அப்பா.

அம்மா தூக்கிப் போடவில்லை. குனிந்து, பல்லில்லாத அந்தக் கறுப்புத் தட்டின் ஓரத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். பிறகு மகளின் கெண்டைக்காலைப் பார்த்தார். "ஹெல்மெட் எங்கடி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறு ஞாயிறு காலை, விழுந்த அதே மண் பாதை. அப்பா முன்னாடியே நடந்துபோய், அந்தப் பள்ளத்துக்குக் கீழே உள்ள வளைவில் நின்றுகொண்டார். பனி விலகவில்லை. முதலில் ஆள் தெரியவில்லை, சத்தம்தான் வந்தது. கைடின் சின்ன உருளை ஓடும் 'கர்ர்ர்', சரளைக் கல் தெறிக்கும் சத்தம், நடுவில் பெரிதாக ஒரு 'டங்'.

அவர் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

அதற்குள் மகள் வளைவில் வந்து பிரேக் பிடித்து நின்றாள். அப்பா அவளிடம் ஒன்றும் கேட்காமல் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். தட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். செயின் அதன் இடத்திலேயே இருந்தது.

மேலே ஏறும்போது பாதி தூரத்துக்குப் பிறகு அவளால் மிதிக்க முடியவில்லை. இறங்கிவிட்டாள். ஹேண்டில்பாரை அவள் பிடித்துக்கொள்ள, சீட்டுக்குப் பின்னால் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார் அப்பா.