அமர்த்தி ஊதுதல்

ட்ரம்பட் ஒரு திறந்தவெளி வாத்தியம். படைக்கும் அரண்மனை வாசலுக்கும் என்று பிறந்தது. நமது நாதஸ்வரத்தைப் போல அதற்கும் நாலு சுவர் போதாது. அப்படிப்பட்ட ஒன்றை இசை நாடகத்தில் பாடுகிறவனின் காலடியில் கொண்டுபோய் உட்கார வைத்தால் பாட்டு அமுங்கிப்போகும். அதற்கு உதவுவதுதான் மியூட். வாத்தியத்தின் விரிந்த வாய்க்குள் செருகுகிற ஒரு கூம்பு, அல்லது கிண்ணம். இதைப்பற்றி எழுத ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். எனக்கு ட்ரம்பட் ஊதத் தெரியாது. ஒரு நாடகத்துக்காக மூன்று மாதம் அதன் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் விளங்கிக்கொண்டதை ஆசிரியர் கலாசாலையில் எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, எங்கள் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பேசிக்கொள்வது குறைந்தது. சந்தையில் விலை கேட்பார்கள், பஸ்ஸில் இடம் விடுவார்கள், அதற்குமேல் இல்லை. 1990ஐக் கண்ட பெரியவர்களுக்கு இந்த மௌனம் பழகியது. பிள்ளைகளுக்குப் புதியது. 2023இல் எங்கள் பாடசாலையும் வாவிக்கு அக்கரையில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையும் சேர்ந்து ஓர் இசை நாடகம் போடுவதென்று அதிபர்கள் இருவரும் முடிவெடுத்தபோது, பொறுப்பு அந்தப் பாடசாலை ரீச்சர் ஒருவரிடமும் என்னிடமும் வந்தது. கதை சின்னது. கடலுக்குப் போன தோணிக்காரன் திரும்பவில்லை, அவனுடைய மகன் கரையில் நின்று கூப்பிட்டுப் பாடுகிறான். மகனாக எங்கள் பாடசாலையின் ஆறாம் வகுப்புப் பிள்ளை. ஹார்மோனியமும் மத்தளமும் ட்ரம்பட்டும் அவர்கள் பக்கத்தால் வந்தன. ட்ரம்பட் ஊதியவன் மேலைத்தேய வாத்தியக் குழுவில் இருந்த உயர்தர வகுப்பு மாணவன்.

முதலாவது ஒத்திகையிலேயே விஷயம் வெளிச்சமாகிவிட்டது. பிள்ளையின் குரல் மெல்லியது. ட்ரம்பட் வாயைத் திறந்ததும் அது இருந்த இடம் தெரியவில்லை. பின்வாங்கில் உட்கார்ந்திருந்த அவனுடைய வாப்பா எழும்பி வந்தார். “சேர், மகண்ட சத்தம் ஒண்டும் கேக்குதில்லயே. அந்தக் கொழல நிப்பாட்டினா என்ன?” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பையன் இரண்டு பஸ் மாறி எங்கள் ஊருக்கு வந்து போகிறவன். அவனுடைய வீட்டில் என்ன சொல்லி அனுப்புகிறார்களோ, எவ்வளவு யோசித்து அனுப்புகிறார்களோ தெரியாது. அவனை நிறுத்தினால் அது ஒரு வாத்தியத்தை நிறுத்தியதாக மட்டும் இருக்காது. எங்கள் பிள்ளையை இன்னும் உரத்துப் பாடு என்றால் அவனுடைய தொண்டை உடையும். ‘மைக் குடுப்பம்’ என்றார்கள் சிலர். இருந்த ஒரே மைக் பாடகனை விட ட்ரம்பட்டைத்தான் நன்றாகப் பிடித்தது.

ரீச்சர் எங்களை மட்டக்களப்பு நகரில் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். பறங்கியர் சமூகத்தவர். வாலிபத்தில் பாண்ட் குழுக்களில் ஊதியவர். கதையைக் கேட்டுவிட்டு, “நிப்பாட்டாதீங்க தம்பி, அமத்துங்க” என்றார். உள்ளே போய் பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் மூன்று மியூட்டுகள் இருந்தன.

வீட்டில் வைத்துத் தெரிவு செய்ய வேண்டாம், மண்டபத்தில் வைத்துத் தெரிவு செய்யுங்கள் என்பது அவர் சொன்ன முதல் விதி. பிள்ளையை மேடையில் நிறுத்தி, வாத்தியத்தைக் கீழே வைத்து, நான் கடைசி வாங்கில் இருந்து கேட்டேன். ஸ்ட்ரெயிட் மியூட் என்பது அலுமினியக் கூம்பு. பக்கங்களில் மூன்று தக்கைத் துண்டுகள் ஒட்டியிருக்கும், அவற்றின் இடைவெளியால் ஒலி வெளியே வரும். அது ஒலியைக் குறைப்பதை விட மெலிய வைக்கிறது. அடித்தொனி போய் ஊசி போன்ற கூர்மை மிஞ்சுகிறது. அந்த ஊசி பாட்டின் சொற்களைத்தான் போய்க் குத்தியது. இரண்டாவது கப் மியூட். கூம்பின் நுனியில் ஒரு கிண்ணம் வாத்தியத்தின் வாயைப் பார்த்தபடி கவிழ்ந்திருக்கும். கூர்மையை அது விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது உருண்டையான, சற்றுத் தூரத்து ஒலி. பிள்ளையின் குரல் அதன்மேல் பாயில் இருப்பது போல இருந்தது. மூன்றாவது ஹார்மன். அதன் தக்கை முழு வளையம், எனவே மூச்செல்லாம் நடுத்துவாரத்தால்தான் போக வேண்டும். நடுவிலுள்ள சிறு குழாயைக் கழற்றிவிட்டு ஊதினால் வருவதுதான் அமெரிக்காவின் மைல்ஸ் டேவிஸ் உலகத்துக்குப் பழக்கிய அந்தத் தனிமையான ஒலி. பக்கத்தில் நின்று கேட்டால் உயிரைத் தொடும். கடைசி வாங்குக்கு வந்து சேரவில்லை. அது மைக்குக்கு முன்னால் ஊத வேண்டியது.

குழாயைத் திரும்பப் பூட்டிக் கையால் மூடித் திறந்தால் ‘வா வா’ என்று மனிதன் புலம்புவது போல வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை மீன் முதலாளியின் காட்சிக்கு வைத்துக்கொண்டோம். அமெரிக்காவின் பழைய ஜாஸ்காரர்கள் இதே வேலைக்குக் குழாய் அடைப்பு எடுக்கும் றப்பர்க் கிண்ணத்தைப் பாவித்தார்கள் என்று பெரியவர் சொன்னார். ஹாட்வெயார்க் கடையில் வாங்கலாம். ஆனால் புதிதாக வாங்குங்கள் என்றும் சொன்னார்.

பாவிப்பதற்கும் முறை உண்டு. ஸ்ட்ரெயிட்டையோ ஹார்மனையோ போட்டால் சுருதி சற்று ஏறும். ஹார்மோனியம் தன் சுருதியை விட்டுக்கொடுக்காது. ஆகவே ட்ரம்பட்காரன்தான் சுருதிக் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து இணங்க வேண்டும். செருகுமுன் வாத்தியத்தின் வாய்க்குள் ஒருமுறை ஆவி பறக்க ஊதி, ஈரமாக்கி, சற்றுத் திருகிச் செருகினால் தக்கை பிடிக்கும். இல்லாவிட்டால் அழுகைக் காட்சியின் நடுவில் சீமெந்துத் தரையில் ‘டங்’ என்று விழும். காலடியில் துவாய் விரித்து, எந்த மியூட் முதலில் வேண்டுமோ அந்த ஒழுங்கில் வைக்க வேண்டும். மாற்றுவதற்கு ஓரிரு ஆவர்த்தனமாவது இடைவெளி வேண்டும். பாட்டெழுதியவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதைப் பையன்தான் கண்டுபிடித்தான். மியூட் போட்டால் மூச்சு மிச்சம் என்று நினைத்து இலேசாக ஊதினான், ஒலி செத்துப்போனது. அடைப்புக்கு எதிராக ஊதுகிறவனுக்கு வயிற்றிலிருந்து வரும் மூச்சு குறையவே கூடாது. ஒத்திகை முடிந்ததும், “திறந்து ஊதுறதுதான் லேசு சேர்” என்றான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

இந்தப் பிரச்சினை இசை நாடகத்தோடு கூடப் பிறந்தது. 1607இல் இத்தாலியில் மேடையேறிய மொன்டெவெர்டியின் ஓர்ஃபேயோவிலேயே, ட்ரம்பட்டுகளுக்கு மியூட் போட்டால் சுருதி ஒரு படி ஏறும் என்ற குறிப்பு உண்டு. வாக்னர் வேறு வழி கண்டார். 1876இல் ஜெர்மனியின் பைரொய்ட்டில் திறந்த அரங்கில் வாத்தியக்காரரின் குழியை மேடைக்கு அடியில் இறக்கி, மேலே மறைப்பும் போட்டார். பித்தளை வாத்தியங்களுக்கு அந்தக் குழியின் ஆழமான பகுதி. எங்கள் மண்டபங்களில் குழி இல்லை. நமது கூத்தில் அது தேவைப்படவும் இல்லை. மட்டக்களப்பின் வடமோடியிலும் தென்மோடியிலும் அண்ணாவியார் களரியிலேயே மத்தளத்தோடு நிற்கிறார். கூத்தன் பாடும்போது தோலின்மேல் அவருடைய கை அடங்குகிறது, ஆட்டம் வந்ததும் எழும்புகிறது. அந்தக் கைதான் எங்கள் ஊர் மியூட்.

ஆங்கிலத்தில் மியூட் என்றால் ஊமை. இத்தாலியர் அதற்குச் சொல்லும் சொர்டினோ, செவிடு என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரே சாமானை ஒருவர் பேசாதவன் என்கிறார், மற்றவர் கேளாதவன் என்கிறார். எங்கள் பிரதேசத்தில் இந்த இரண்டையும் பார்த்திருக்கிறோம். ஒரு சாரார் வாயைப் பொத்திக்கொள்ள, மறுசாரார் காதைப் பொத்திக்கொண்ட காலங்கள் மாறி மாறி வந்தன. அதற்குச் சமாதானம் என்று பெயரும் வைத்தோம். நான் மண்டபத்தில் கேட்டது அதுவல்ல. ஒருவன் தன் முழு மூச்சோடும் அங்கேயே இருந்தான், மற்றவனின் சொல் கடைசி வாங்கு வரை போனது.

இசைத் தாளில் ‘கொன் சொர்டினோ’ என்று எழுதினால் மியூட்டைப் போடு என்று பொருள். அப்படி எழுதியவன் பிறகு ஓரிடத்தில் ‘சென்சா சொர்டினோ’, எடுத்துவிடு என்றும் எழுதியாக வேண்டும். எங்கள் பிரதியில் முதலாவது குறிப்பு மட்டும்தான் இருந்தது. தோணி கரைக்கு வரும் கடைசிக் காட்சியில் இரண்டாவதையும் எழுத வேண்டும் என்று கேட்டவர் பிள்ளையின் வாப்பாதான். “அந்தப் பொடியன் எவ்வளவு நேரம் அமத்திக்கிட்டிருப்பான், சேர்? கடைசியிலயாவது தொறந்து ஊதட்டுமே” என்றார்.

அன்றிரவு தோணி வந்தபோது பையன் கப் மியூட்டை எடுத்துத் துவாயில் வைத்துவிட்டு எழுந்து நின்று ஊதினான். மண்டபத்தின் தகரக்கூரை அதிர்ந்தது. பாடிய பிள்ளை மேடையில் நின்று கீழே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு பிள்ளையை, ‘கொஞ்சம் பொறு, மற்றவர் பேசட்டும்’ என்று சொன்னால், அதன் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். மணி அடிக்குமுன் அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும்.